எல்லையோர மலைநாட்டில் அவசர மருத்துவ உதவியாளர் ஆவதற்கு: பயிற்சியும் அறிவும் குறித்த முழுமையான வழிகாட்டி

மூணாறிலிருந்து போடிமெட்டு இறங்கி, போடி வழியாகக் க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் செல்ல 80 கிலோமீட்டருக்கு மேல் பயணிக்க வேண்டும். பாதையில் பெரும்பகுதி வளைவுகளாகவே இருப்பதால், ஆம்புலன்ஸாக இருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல் ஆகும். மழைக்காலத்தில் மூன்று மணி நேரமும் ஆகலாம். அந்த நேரம் முழுவதும் வண்டியின் பின்பகுதியில் நோயாளியுடன் இருப்பவர் ஒரே ஒரு மருத்துவ உதவியாளர்தான். பெருநகரத்தில் 15 நிமிடத்தில் நோயாளியை ஒப்படைத்துவிடும் ஒருவருக்குப் போதுமான பயிற்சி, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில் தேவிகுளத்திலும் உடும்பன்சோலையிலும் பீருமேட்டிலும் வேலை செய்யப் போகிறவருக்குப் போதாது. கேரள எல்லையை ஒட்டி வாழும் தமிழ் இளைஞர்கள் இத்தொழிலுக்குத் தயாராகும்போது எதைப் படிக்க வேண்டும், எதில் கூடுதல் நேரம் செலவிட வேண்டும் என்பதை இந்த நீண்ட பயணத்தை மனத்தில் வைத்தே எழுதுகிறேன்.

எந்த மாநிலத்தில் வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

108 ஆம்புலன்ஸ் சேவை 2005 ஆகஸ்ட் 15 அன்று அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் ஹைதராபாத்தில் தொடங்கியது. தமிழ்நாட்டுக்கு அது 2008 செப்டம்பரில் வந்தது. கேரளத்தில் 'கனிவு 108' என்ற பெயரில் 2019-இல் மாநிலம் முழுவதற்கும் விரிந்தது. எண் ஒன்றுதான் என்றாலும், வண்டியில் ஏறுவதற்கான தகுதி மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. எல்லையோர மாணவர்கள் பலர் இதைப் படிப்பு முடிந்த பிறகே அறிந்துகொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் அண்மை ஆண்டுகளில் வெளியான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி, பி.எஸ்சி. நர்சிங், ஜி.என்.எம். (செவிலியர் பட்டயம்), ஏ.என்.எம். (துணைச் செவிலியர் படிப்பு), டி.எம்.எல்.டி. (மருத்துவ ஆய்வக நுட்பப் பட்டயம்) ஆகியவற்றுள் ஒன்றை முடித்தவர்களும், விலங்கியல், தாவரவியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம் போன்ற பாடங்களில் பி.எஸ்சி. பட்டம் பெற்றவர்களும் மருத்துவ உதவியாளர் பணிக்கு விண்ணப்பிக்கலாம். வயது பொதுவாக 19 முதல் 30 வரை. எழுத்துத் தேர்வு, உடற்கூறியல், முதலுதவி, அடிப்படைச் செவிலியர் பணி குறித்த மருத்துவ நேர்முகம், மனிதவளத் துறை நேர்முகம் ஆகியவற்றில் தேறியவர்களுக்கு வகுப்பறையிலும் மருத்துவமனையிலும் ஆம்புலன்ஸிலுமாக ஏறத்தாழ 50 நாள் பயிற்சி தரப்படுகிறது. கேரளத்திலோ பெரும்பாலும் செவிலியர் படிப்பு முடித்து, மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு பெற்றவர்களையே எடுக்கிறார்கள். ஆகவே மறையூரிலோ பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் தாலுகாவிலோ தமிழ்வழியில் பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் மாணவர் ஒருவர் தன் ஊரை விட்டுப் போகாமல் கேரளத்திலேயே ஆம்புலன்ஸில் வேலை செய்ய விரும்பினால், விலங்கியல் பட்டம் அவருக்கு உதவாது, ஜி.என்.எம். அல்லது பி.எஸ்சி. நர்சிங்தான் வழி. இரு மாநிலக் கதவுகளும் திறந்திருக்க வேண்டும் என்று கேட்பவர்களுக்கு நான் செவிலியர் படிப்பையே சொல்வேன்.

இத்துறைக்கென்றே அமைந்த பட்டப்படிப்பும் உண்டு. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ், விபத்து மற்றும் அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. படிப்பு மூன்று ஆண்டு வகுப்பும் ஓராண்டு பயிற்சிப் பணியும் கொண்டது. வேலூர் சி.எம்.சி.யிலும் இப்படிப்பு இருப்பதால், குடியாத்தம் மாணவர்களுக்கும், ஆந்திரத்தின் சித்தூர், குப்பம் பகுதித் தமிழ் மாணவர்களுக்கும் அது எட்டும் தூரத்தில் இருக்கிறது. அரசு மருத்துவக் கல்லூரிகளில் அவசர சிகிச்சை உதவியாளருக்கான ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பும் நடக்கிறது.

சேரும் முன் ஒரு சட்டத்தை அறிந்திருப்பது அவசியம். 2021-ஆம் ஆண்டின் தேசிய துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம் அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளர்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது. அச்சட்டத்தின்படி துணை மருத்துவப் பணியாளராகக் கருதப்படுவதற்கு, படிப்பு குறைந்தது 2,000 மணி நேரம் கொண்டதாகவும், இரண்டு முதல் நான்கு ஆண்டுகளில் பரந்ததாகவும் இருக்க வேண்டும். பட்டம் பெற்ற உயர்நிலைப் பணியாளருக்கு அது 3,600 மணி நேரம். மூன்று மாதத்தில் சான்றிதழ் தருகிறோம் என்று பேருந்து நிலையச் சுவர்களில் ஒட்டப்படும் விளம்பரங்களை இந்த அளவுகோலை வைத்து மதிப்பிடுங்கள். குறுகிய காலப் படிப்பு திறனைக் கூட்டலாம். தொழில் பதிவுக்கு அதை நம்பக் கூடாது. நிறுவனத்தை நேரில் பார்த்து, அவசர சிகிச்சைப் பிரிவில் எத்தனை மணி நேரம் பணியமர்த்துவார்கள், பயிற்சிப் பதிவேட்டில் யார் கையொப்பமிடுவார், சி.பி.ஆர். (மார்பை அழுத்தி, மூச்சுக் கொடுத்து உயிர்ப்பிக்கும் முறை) செய்து பார்க்கும் பொம்மைகள் எத்தனை மாணவர்களுக்கு எத்தனை என்று கேளுங்கள். விடை தெளிவாக வராத இடத்தில் பணம் கட்டாதீர்கள்.

வகுப்புக்கு முன்பே தொடங்க வேண்டியவை

ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி மூன்று தவணை கொண்டது: முதல் ஊசி, ஒரு மாதம் கழித்து இரண்டாவது, ஆறாம் மாதத்தில் மூன்றாவது. மருத்துவமனைப் பயிற்சியில் இரத்தத்தைத் தொடும் நாளுக்குள் இது முடிந்திருக்க வேண்டுமானால், விண்ணப்பம் போடும்போதே முதல் ஊசியைப் போட்டுக்கொள்ள வேண்டும். உடல் வலுவும் அவ்வாறே: தேயிலைச் சரிவில் ஒற்றையடிப் பாதை வழியாக ஸ்ட்ரெச்சரில் ஒருவரைத் தூக்கி வர, முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்கும் முறையைப் பழகிய உடல் வேண்டும்.

இன்னொன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வளைவுகளில் குமட்டலும் வாந்தியும் வருகிறவர்கள் அதை முன்கூட்டியே சோதித்துக்கொள்ள வேண்டும். பேருந்தில் சன்னலோரம் அமர்ந்து மலை ஏறுவது வேறு; ஆம்புலன்ஸின் பின்பகுதியில் பக்கவாட்டில் அமர்ந்து, குனிந்து, நாடி பார்த்துக்கொண்டே 17 கொண்டை ஊசி வளைவுகளை இறங்குவது வேறு. பலருக்குப் பழக்கத்தில் சரியாகிவிடும். சரியாகாதவர்கள் மருத்துவமனை அவசரப் பிரிவுப் பணியையோ கட்டுப்பாட்டு அறைப் பணியையோ தேர்ந்தெடுப்பதில் குறைவு எதுவும் இல்லை.

நோயாளியைப் பார்க்கும் வரிசை

பயிற்சியின் உயிர்நாடி, நோயாளியை மாறாத ஒரு வரிசையில் பரிசோதிக்கும் பழக்கமே. முதலில் இடம் பாதுகாப்பானதா என்று பார்க்க வேண்டும்: அறுந்த மின்கம்பி, சரியும் மண், வளைவில் வேகமாக வரும் லாரி, மலைத் தோட்டங்களில் யானை. அடுத்து, பீறிட்டுக் கொட்டும் இரத்தம் இருந்தால் அதை அழுத்தி நிறுத்துவது. பிறகு காற்றுவழி, மூச்சு, இரத்த ஓட்டம், நினைவு நிலை. கடைசியாக ஆடையை விலக்கி மறைந்த காயங்களைத் தேடுவது. எது விரைவாகக் கொல்லுமோ அதை முதலில் சரிசெய்ய வேண்டும் என்பதே இந்த வரிசைக்குக் காரணம். முறிந்து கோணலாகிக் கிடக்கும் கால் கண்ணை இழுக்கும்; ஆனால் நாக்கு பின்னுக்கு விழுந்து அடைபட்ட தொண்டைதான் சில நிமிடங்களில் உயிரைப் பறிக்கும்.

இதயத் துடிப்பு நின்றவருக்குச் செய்யும் சி.பி.ஆர். எண்கள் கைக்குள் ஊற வேண்டும். பெரியவர்களுக்கு மார்பு நடுவில் குறைந்தது 5 சென்டிமீட்டர், 6 சென்டிமீட்டருக்கு மிகாத ஆழம். நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தங்கள். 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு. இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஆள் மாறுதல். இடைநிறுத்தம் 10 விநாடிக்குள். குழந்தைகளுக்கு இரண்டு பேர் சேர்ந்து செய்யும்போது 15-க்கு 2. வளைவுகளில் ஓடும் வண்டிக்குள் தரமான அழுத்தம் தருவது மிகக் கடினம் என்பதால், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் ஏ.இ.டி. கருவியைப் பொருத்துவதும் முதல் சில சுற்றுகளும் விழுந்த இடத்திலேயே நடக்க வேண்டும். நோயாளியை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுவதுதான் வேகம் என்ற எண்ணம் ஊராரிடம் வலுவாக உண்டு. அவர்களுக்கு அமைதியாக விளக்கிக்கொண்டே வேலையைத் தொடரும் திறனையும் பயிற்சிக் காலத்திலேயே வளர்த்துக்கொள்ள வேண்டும்.

நீண்ட பாதையின் கணக்கு

பாடநூல்களில் ஒரு பக்கத்தில் முடிந்துவிடும் ஆக்சிஜன் கணக்கு, மலைநாட்டில் உயிர் காக்கும் கணக்கு. நம் நாட்டில் பரவலாக உள்ள பி வகை உருளையின் கொள்ளளவு 10 லிட்டர். 150 பார் அழுத்தத்தில் முழுதாக நிரம்பியிருந்தால் அதில் ஏறத்தாழ 1,500 லிட்டர் ஆக்சிஜன் இருக்கும். பெரிய டி வகை உருளையில் ஏறத்தாழ 7,000 லிட்டர் இருக்கும். பை இணைத்த முகமூடியில் நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால், நிரம்பிய பி உருளையே 100 நிமிடத்தில் காலியாகிவிடும். மூணாறிலிருந்து தேனி வரை அது போதாது. உருளையின் அழுத்தமானி முள் 100 பார் காட்டினால், 20 பாரைக் கையிருப்பாக விட்டு, மீதி 80-ஐ 10 லிட்டர் கொள்ளளவால் பெருக்குங்கள்: 800 லிட்டர். நிமிடத்துக்கு 10 லிட்டர் வீதம் அது 80 நிமிடம் வரும். இந்தக் கணக்கை நோயாளி ஏறிய பிறகு போடக் கூடாது. பணி தொடங்கும்போது வண்டியைச் சரிபார்க்கையிலேயே போட்டு, உருளையின் மேல் எழுதி வைக்க வேண்டும்.

எல்லோருக்கும் அதிகபட்ச ஆக்சிஜன் கொடுப்பதும் சரியன்று. பெரும்பாலானவர்களுக்கு இரத்த ஆக்சிஜன் அளவு 94 விழுக்காட்டைத் தொட்டால் போதும். நெடுங்காலப் புகைப்பழக்கத்தால் நுரையீரல் கெட்டவர்களுக்கு 88 முதல் 92 வரை என்பதே இலக்கு.

அடுத்தது, அளவுகளை மீண்டும் மீண்டும் எடுப்பது. நிலை மோசமாக உள்ளவருக்கு 5 நிமிடத்துக்கு ஒருமுறையும், நிலையாக இருப்பவருக்கு 15 நிமிடத்துக்கு ஒருமுறையும் நாடி, மூச்சு, இரத்த அழுத்தம், நினைவு நிலை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். ஒரே ஓர் அளவு எதையும் சொல்லாது. நாடி 90-இலிருந்து 104, பிறகு 118 என்று ஏறிக்கொண்டே போக, இரத்த அழுத்தம் இன்னும் சரியாகவே இருந்தால், உடலுக்குள் எங்கோ இரத்தம் கசியலாம் என்று அந்த வரிசை எச்சரிக்கிறது. அழுத்தம் விழுந்த பிறகு அறிந்துகொள்வதைவிட அரை மணி நேரம் முன்பே அறிந்து, கட்டுப்பாட்டு அறை மருத்துவரிடம் பேசி, வழியில் உள்ள மருத்துவமனைக்குத் திருப்புவது அந்தக் குறிப்பேட்டால்தான் முடிகிறது. மருந்து கொடுப்பதானாலும் அந்த மருத்துவரின் சொல் இல்லாமல் கொடுக்கக் கூடாது. மலையில் கைபேசி அலைவரிசை இல்லாத இடங்கள் உண்டு என்பதால், அலைவரிசை உள்ள கடைசி வளைவிலேயே பேசி முடித்துவிட வேண்டும்.

தோட்டமும் காடும் தரும் நோயாளிகள்

பாம்புக்கடிக்கு முதலுதவி எளிது, ஆனால் ஊர் வழக்கத்துக்கு எதிரானது: இறுக்கிக் கட்டுப் போடாமல், கீறாமல், வாயால் உறிஞ்சாமல், கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, நோயாளியை நடக்கவிடாமல் கொண்டு செல்ல வேண்டும். நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்கே நம் நாட்டு நஞ்சுமுறி மருந்து வேலை செய்யும். கேரள மலைத்தோட்டங்களில் காணப்படும் கூன்மூக்குக் குழிவிரியனுக்கு அது பயன்படாது. அதன் கடி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடும் என்பதால், டயாலிசிஸ் வசதியுள்ள மருத்துவமனை தேவைப்படலாம். கட்டுவிரியன் இரவில் தூங்குபவரைக் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம். இமைகள் தொங்கத் தொடங்குவதே முதல் அடையாளம். பிறகு மூச்சுத்தசைகள் செயலிழக்கும். அப்போது மூச்சுப்பையை 5 அல்லது 6 விநாடிக்கு ஒருமுறை அழுத்தி, மருத்துவமனை வரும்வரை நோயாளிக்காக மூச்சு விட வேண்டியவர் நீங்கள். பொம்மையில் ஐந்து நிமிடம் செய்த பயிற்சி இதற்குப் போதாது; ஓடும் வண்டியில் அரை மணி நேரம் தொடர்ந்து செய்து பாருங்கள்.

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு நாள்தோறும் தொழிலாளர்கள் ஜீப்புகளில் ஏறிச் செல்கிறார்கள். ஜீப் கவிழ்ந்தால் ஒரே இடத்தில் பத்துப் பேருக்கு மேல் காயப்படுவார்கள். பலர் காயப்பட்ட இடத்தில் அதிகம் அலறுபவரிடம் முதலில் போகக் கூடாது. நடக்க முடிந்தவர்களைப் பச்சை (காத்திருக்கலாம்) என ஒதுக்குங்கள். மீதமுள்ளவர்களில் நிமிடத்துக்கு 30-க்கு மேல் மூச்சு வாங்குபவர், மணிக்கட்டில் நாடி கிடைக்காதவர், சொன்னதைச் செய்ய இயலாதவர் ஆகியோர் சிவப்பு (உடனே கவனிக்க வேண்டியவர்), ஏனையோர் மஞ்சள் (அடுத்து), காற்றுவழியைத் திறந்தும் மூச்சு வராதவர் கறுப்பு (காப்பாற்ற இயலாதவர்). கறுப்பு அட்டையைக் கட்டிவிட்டு அடுத்தவரிடம் நகர்வது மிகக் கொடுமையான வேலை. அதைப் பயிற்சியில் பலமுறை நடித்துப் பார்த்தவர்களால்தான் களத்தில் செய்ய முடியும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு அருகே பெட்டிமுடியில் நிலச்சரிவு தோட்டக் குடியிருப்பை மூடியபோது தமிழ்த் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேர் மாண்டார்கள். தொலைத்தொடர்பு இல்லாமல் மறுநாள் காலையில்தான் செய்தி வெளியே வந்தது. பெரியவாரையில் பாலமும் அடித்துச் செல்லப்பட்டிருந்தது. உதவி வருவதற்குள் அங்கே இருப்பவர்கள் அந்த ஊரார் மட்டுமே. அதனால் லயங்களில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில்) சில இளைஞர்களுக்காவது இரத்தம் நிறுத்தவும் காற்றுவழி திறக்கவும் சொல்லித் தருவதை ஒவ்வொரு மருத்துவ உதவியாளரும் தன் பணியின் பகுதியாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பூச்சிமருந்து உடலில் ஏறியவரிடம் கண்ணின் பாவை ஊசிமுனை அளவு சுருங்கி, எச்சில் வழிந்து, வியர்த்துக் கொட்டும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. கையுறை அணிந்து, நனைந்த ஆடையைக் களைந்து, தோலை நீரால் கழுவி, சளியை உறிஞ்சி எடுத்து, மூச்சைக் காக்க வேண்டும்.

பிரசவம் வண்டியிலேயே நடக்கும் வாய்ப்பு இப்பாதைகளில் அதிகம். மருத்துவமனைப் பயிற்சியில் பிரசவ அறையில் கிடைக்கும் ஒவ்வொரு மணி நேரத்தையும் பிடித்துக்கொள்ளுங்கள். ஆண் மாணவர்களை வெளியே நிறுத்தும் வழக்கம் சில இடங்களில் இருந்தால், பணிவாக வற்புறுத்திக் கேளுங்கள். குழந்தையைத் துடைத்து உலர்த்தி, தாயின் நெஞ்சோடு வைத்துக் குளிரிலிருந்து காப்பதும், பிரசவத்துக்குப் பின் தாய்க்கு 500 மில்லிலிட்டருக்கு மேல் இரத்தம் போகிறதா என்று கவனித்து, அடிவயிற்றில் கருப்பையைத் தேய்த்துச் சுருங்கச் செய்வதும் கண்ணால் பார்த்துக் கையால் செய்தே கற்க வேண்டியவை.

எந்த மருத்துவமனை, எந்த மாநிலம்

பக்கவாதம் வந்தவருக்கு இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நான்கரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். அதற்கு முன் சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆகவே மிக அருகில் உள்ள மருத்துவமனையே சரியான மருத்துவமனை என்று ஆகாது. உங்கள் பகுதியில் எங்கே ஸ்கேன் இரவிலும் இயங்குகிறது, எங்கே வென்டிலேட்டர் இருக்கிறது, எங்கே நஞ்சுமுறி மருந்து எப்போதும் இருப்பில் உள்ளது என்பதை நேரில் சென்று கேட்டு ஒரு பட்டியல் எழுதி, அவ்வப்போது திருத்தி வாருங்கள்.

எல்லைக்கு அருகே கைபேசி எந்த மாநிலக் கோபுரத்தைப் பிடிக்கிறதோ அதைப் பொறுத்து 108 அழைப்பு பக்கத்து மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்குப் போய்விடுவது உண்டு. குமுளி, கம்பம்மெட்டு, வாளையாறு, கோபாலபுரம், புளியரை போன்ற இடங்களில் வேலை செய்பவர்கள் ஊர்ப் பெயர்களை இரு மொழி வழக்கிலும் அறிந்திருக்க வேண்டும். செலவு விஷயத்திலும் எல்லைக்கோடு முக்கியமானது. தமிழ்நாடு அரசு 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம், தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்தில் காயப்பட்டவர் எந்த மாநிலத்தவரானாலும் முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாக்குகிறது. 2025 மே மாதம் முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டம் சாலை விபத்துக்கு ஏழு நாள் வரை, 1.5 லட்சம் ரூபாய் அளவில் உதவுகிறது. விபத்து நடந்த இடத்தையும் நேரத்தையும் துல்லியமாக எழுதுவது இதனாலும் அவசியமாகிறது. பணம் கேட்டுத் தயங்கும் மருத்துவமனையிடம், அவசர சிகிச்சையை மறுக்கக் கூடாது என்று 1989-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருப்பதை நிதானமாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

ஒப்படைக்கும்போது பேசும் மொழி அந்த மருத்துவமனையின் மொழியாக இருக்க வேண்டும். கோட்டயம் மருத்துவக் கல்லூரியில் மலையாளத்திலும், சித்தூர்ப் பக்கம் தெலுங்கிலும், என்ன நடந்தது, என்ன பார்த்தீர்கள், என்ன செய்தீர்கள், இப்போது எப்படி இருக்கிறார் என்பதை ஒரு நிமிடத்தில் சொல்லப் பழகுங்கள். எழுத்துக் குறிப்பையும் கையொப்பம் வாங்கிக் கொடுத்துவிட வேண்டும். காவல்துறை வழக்காகும் நிகழ்வுகளில் நீங்கள் எழுதிய நேரக் குறிப்புகளே பின்னாளில் சாட்சியாகும்.

வேலையில் சேர்ந்த பின்

ஊசி குத்திவிட்டால் உடனே கழுவி, அன்றே மருத்துவரைப் பாருங்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் சில மணி நேரத்திலேயே தொடங்க வேண்டும். குழந்தையின் மரணத்தைப் பார்த்து வந்த நாளில் ஓட்டுநரோடு அமர்ந்து பேசாமல் அடுத்த அழைப்புக்குப் போகாதீர்கள். தூக்கம் கெட்டு வாரக்கணக்கில் நீடித்தால் மனநல மருத்துவரிடம் செல்லத் தயங்காதீர்கள். அடிப்படை உயிர்காப்புப் பயிற்சிச் சான்றிதழ் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்கே செல்லும் என்பதால், காலாவதியாகும் முன்பே மறுபயிற்சிக்குப் பெயர் கொடுங்கள். முதல் ஆண்டில் மேல்நிலைப் படிப்பைப் பற்றி யோசிக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு முடிவில் ஈ.சி.ஜி. வாசிப்பதும் மேம்பட்ட உயிர்காப்புப் பயிற்சியும், அதன் பிறகு விடுப்பும் பணமும் இடம் கொடுத்தால் பட்டப்படிப்பும் என்ற வரிசை பெரும்பாலோருக்குப் பொருந்தும்.